டயர் மேல் விழுந்த பழி

"டயர் ஸ்லிப் ஆயிடுச்சுப்பா" என்று மகள் தொலைபேசியில் சொன்னாள். மாப்பிள்ளைக்கு எப்படி இருக்கிறது என்று கேட்பதற்கு முன்னால் நான் கேட்டது, "முன் டயரா, பின் டயரா?"

கோமதி சொன்னாள்: "கால் எலும்பு உடைஞ்சு கம்பி வச்சிருக்காங்க. நீங்க டயரக் கேக்குறீங்க."

அவள் கோபம் நியாயமானது. என் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில், ஈப்போவில், முப்பது வருடமாக மோட்டார் சைக்கிள் டயர் கடை வைத்திருப்பவன் நான். மாப்பிள்ளை விழுந்த வண்டியின் இரண்டு டயரையும் சென்ற வருடம் வந்திருந்தபோது தஞ்சாவூரில் கடை கடையாக ஏறித் தேடி வாங்கி, என் கையாலேயே மாட்டினேன். மாட்டிவிட்டு, இனி எப்பேர்ப்பட்ட மழைக்கும் பயமில்லை என்று மாப்பிள்ளையிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லவும் செய்தேன்.

மாப்பிள்ளை செந்தில் என் கடைக்கு எதிரே இருந்த சாப்பாட்டுக் கடையில் ஆறு வருடம் வேலை பார்த்தவர். என் மகளைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பி, நன்னிலத்துக்குப் பக்கத்தில் சொந்தத்தில் கொஞ்சம், குத்தகைக்குக் கொஞ்சம் என்று நெல் போடுகிறார். கோமதிக்கு நன்னிலத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. கணவர் படுத்துவிட்டதால் இப்போது அதே வண்டியை அவள்தான் ஓட்டிப் போகிறாள். போக ஆறு கிலோமீட்டர், வர ஆறு கிலோமீட்டர், ஐப்பசி மழையில். நான் மாட்டியது சறுக்குகிற டயர் என்றால், தினமும் அதன்மேல் உட்கார்ந்து போவது என் மகள். அடுத்த வாரமே கிளம்பிவிட்டேன்.

தஞ்சாவூரில் இறங்கியதும் இட்லியும் கடப்பாவும் சாப்பிட்டேன். பாசிப்பருப்பு, உருளைக்கிழங்கு, தேங்காய், கசகசா எல்லாம் சேர்ந்த அந்தக் குழம்பைப் பற்றி மாப்பிள்ளை ஈப்போவில் பேசிப் பேசியே எங்களை வெறுப்பேற்றுவார். ஊற்றியவர் நான் போதும் என்று சொல்லும்வரை ஊற்றினார். நான் சொல்லவே இல்லை.

கும்பகோணம் பேருந்து தாராசுரம் அருகே பஞ்சராகி நின்றது. டயர் என்னை எங்கே போனாலும் விடுவதாக இல்லை. ஓட்டுநரும் நடத்துநரும் ஸ்டெப்னியைக் கழற்றி உருட்டிக்கொண்டே, அரைமணி ஆகும் என்றார்கள். நான் இறங்கி கோயிலுக்கு நடந்தேன். தூறல் விழுந்துகொண்டிருந்தது. அங்கே ஒரு மண்டபத்தையே தேராகக் கட்டி, கல்லில் குதிரை பூட்டி, கல்லில் சக்கரம் வைத்திருக்கிறார்கள். ஆரக்கால்களும் நடுக்குடமும் கடைந்தெடுத்த மாதிரி. ஆயுசு முழுக்கச் சக்கரத்தோடு மல்லுக்கட்டியவன் நான், வாயடைத்து நின்றுவிட்டேன். மழைநீர் அந்தச் சக்கரத்தின் விளிம்பில் வழிந்து இறங்கியது. இன்னும் கிட்டே போய்ப் பார்க்கலாம் என்று வெறுங்காலோடு ஓர் எட்டு வைத்தேன், நனைந்த கல் வழுக்கி, தூணைப் பிடித்துத் தப்பினேன். "பாத்து வாங்க சார், மழை பேஞ்சா இது ஐஸ் மாதிரி" என்றார் காவலாளி. நான் ஈரத்தில் வழுக்காத பொருள் விற்பவன் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

கும்பகோணத்திலிருந்து நன்னிலம் போன பேருந்து வாத்துகளுக்காக நின்றது. அறுத்த வயலில் மேய்ந்துவிட்டு அடுத்த வயலுக்குப் போகும் வாத்துக் கூட்டம். சாலையின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் வாத்து. ஈப்போவில் இப்படி ஒரு நெரிசல் வந்தால் ஹார்ன் சத்தத்தில் காது போயிருக்கும். இங்கே ஓட்டுநர் என்ஜினை அணைத்துவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டார். கூட்டம் கடந்து போனதும் நடத்துநர் என்னிடம் தாரைக் காட்டினார். எச்சமும் சேறும் தூறலும் சேர்ந்து சாலை பளபளத்தது. "டூ வீலர்காரன் இதுல பிரேக்க புடிச்சான்னா நேரா ஆத்துக்குப் போயிடுவான் சார்" என்றார். இது போதாதா? டயர் ஒன்றும் செய்யாமலே விழ இந்த ஊரில் ஆயிரம் காரணம் இருக்கிறது என்று மனசுக்குள் ஒரு சந்தோஷம் முளைத்தது. மாப்பிள்ளை கால் உடைந்து கிடக்கும்போது சந்தோஷப்பட்டதற்காக என்னை நானே திட்டிக்கொண்டேன்.

வீட்டில் மாப்பிள்ளை கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்தார். இளைத்திருந்தார். விசாரித்தேன், பழம் கொடுத்தேன், காபி வந்தது. காபி ஆறுவதற்குள் கொல்லைப்பக்கம் போய் வண்டி முன் குந்திவிட்டேன்.

டயரின் பள்ளமும் மேடுமான வரிகளை மலாய்க்காரர்கள் பூ என்பார்கள். நாங்களும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம். இங்கே அதற்குப் பட்டன் என்று பெயர். தண்ணீர் அந்தப் பள்ளங்களின் வழியாக வெளியே ஓடினால்தான் ரப்பர் தாரைத் தொடும், தொட்டால்தான் பிடிக்கும். பட்டன் தேயவில்லை. நகத்தால் அழுத்தினேன், ரப்பர் இறுகவில்லை. காற்று சரியாக இருந்தது. ஆனால் இரண்டு விஷயம் உறுத்தியது. வண்டி இடப்பக்கமாக விழுந்திருக்கிறது. கால் வைக்கும் கம்பி அந்தப் பக்கம் வளைந்திருந்தது. கோமதி ஒரு வாரம் ஓட்டிய பிறகும் சக்கரத்தின் இடது கம்பிகளுக்கிடையே காய்ந்த களிமண் அப்பியிருந்தது. தார்ச்சாலையில் சறுக்கிய வண்டிக்கு இவ்வளவு களிமண் எங்கிருந்து வந்தது?

எப்படி விழுந்தீர்கள் என்று மாப்பிள்ளையிடம் கேட்டேன். "மழை மாமா. டயர் ஸ்லிப்" என்றார். பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டேன். மழை, டயர் ஸ்லிப். டீக்கடையில் கேட்டேன். அதே மூன்று சொல். பள்ளிக்கூடத்தில் சேர்ந்து ஒப்பித்தவர்கள் மாதிரி இருந்தது.

இருட்டுவதற்கு முன்னால் பாக்கியம் என்ற பெண் ஒரு தூக்குவாளியோடு வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். இரண்டு தெரு தள்ளி வீடு, கணவர் இல்லை, குத்தகை நிலத்தில் தனியாகப் பாடுபடுகிறார் என்றாள் கோமதி. வாளியில் உளுந்தங்களி, நடுவில் குழி பறித்து நல்லெண்ணெய். எலும்பு கூடுவதற்கு நல்லது என்று தினமும் ஏதாவது கொண்டுவருகிறாராம். நேற்று நண்டு ரசம், முந்தாநாள் முருங்கைக்கீரை. என்ன சொந்தம் என்று கேட்டேன். சொந்தமெல்லாம் இல்லை என்றாள். நான் நன்றி சொன்னபோது பாக்கியம் என் முகத்தைப் பார்க்காமல் வாளியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். களி அபாரம். நோயாளிக்கு வந்ததில் பாதியை நான் தின்றேன்.

மறுநாள் கோமதி வேலைக்குப் போனதும், மாப்பிள்ளை விழுந்த சாலைக்கு நடந்தேன். இரண்டு பக்கமும் வயல், நடுவில் ஒற்றைத் தார்ச்சாலை, ஓரத்தில் வாய்க்கால். ஒரு பக்கம் குறுவை அறுப்பு, இன்னொரு பக்கம் சம்பா நடவு. உழுத டிராக்டர் இரும்புச் சக்கரத்தோடு வயலிலிருந்து ஏறினால் பாதி வயலைச் சாலையில் உதறிவிட்டுப் போகிறது. அந்தக் களிமேல் லேசாகத் தூறினால் போதும். பெருமழை கழுவிவிடும்; தூறல்தான் ஆளைக் கொல்லும். ஈப்போவிலும் முதல் பத்து நிமிட மழைக்குத்தான் நாங்கள் பயப்படுவோம், சாலையில் கிடக்கும் எண்ணெயெல்லாம் மேலே மிதக்கும் நேரம் அது.

தூறிக்கொண்டுதான் இருந்தது. ஒரு மணி நேரம் குடையோடு நின்று பார்த்தேன். பால் கேன் இரண்டு தொங்க ஒருவர் போனார். நாற்றுக்கட்டுகளை முன்னும் பின்னும் அடுக்கி, தண்ணீர் சொட்டச் சொட்ட ஒரு பெண் மொபெட்டில் போனார். மொட்டை டயர்; ஈப்போவில் அதை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கவே விடமாட்டார்கள். ஒருவரும் விழவில்லை. யாரும் சட்டென்று பிரேக் பிடிக்கவில்லை, சட்டென்று திருப்பவில்லை. தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, களி கிடக்கும் இடத்தில் கையை அசைக்காமல், அது பாட்டுக்குப் போகட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். நான் கடைக்கு வருகிறவர்களிடம் தொண்டை வறளச் சொல்லுவதை இவர்கள் யாரும் சொல்லாமலே செய்கிறார்கள். எனக்கு மலைப்பாக இருந்தது. இந்த ஊரில் பிறந்து வளர்ந்த செந்தில் மட்டும் எப்படி விழுந்தார்?

சாலையோரம் ஒரு மூங்கில் குச்சியில் சிவப்புப் புடவைக் கிழிசல் கட்டியிருந்தது. நூறடி தள்ளி இன்னொன்று. ஏதாவது திருவிழாவா என்று டீக்கடைக்காரரிடம் கேட்டேன். சும்மா கட்டி வைத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு டீ ஆற்றத் திரும்பிக்கொண்டார்.

மூன்றாம் நாள் காலையில், கோமதி கிளம்புவதற்கு முன் வண்டியை எடுத்துக்கொண்டு போய், இரவு மழையில் நனைந்திருந்த நல்ல தாரில் திரும்பத் திரும்பப் பிரேக் பிடித்துப் பார்த்தேன். இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் படிப்படியாக அழுத்தினேன். வண்டி கோடு போட்ட மாதிரி நேராக நின்றது. டயர் ஒரு தடவைகூடக் கைவிடவில்லை. அப்பாடா என்று இருந்தது. உடனே கோபம் வந்தது. டயர் சறுக்கவில்லை என்றால் இவர்கள் எல்லோரும் பொய் சொல்கிறார்கள்.

நேராக வந்து மாப்பிள்ளையிடம், வேகமாக வந்தீர்களா, குடித்திருந்தீர்களா என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவர் முகம் சிறுத்துப்போயிற்று. "அதெல்லாம் இல்ல மாமா. டயர்தான்" என்றார் மறுபடியும். கோமதி என்னைப் பார்த்த பார்வையில் அன்றைக்குக் காலைப் பலகாரம் இறங்கவில்லை.

நான்காம் நாள் அவளைச் சமாதானப்படுத்தும் எண்ணத்தில், நானே கொண்டுபோய் விட்டுக் கூட்டி வருகிறேன் என்றேன். சரி என்றாள், அதிகம் பேசவில்லை. காலையில் நல்ல வெயில். சாலையில் வலப்பாதி முழுக்க நெல் காய்ந்தது. பாக்கியம்தான், காலால் வரி வரியாகக் கீறிவிட்டுக்கொண்டிருந்தார். கொள்முதல் நிலையத்தில் ஈரம் அதிகம் என்று திருப்பி அனுப்பிய நெல். காயவைத்துக் கொண்டுபோனால்தான் எடுப்பார்கள். நான் இடப்பக்கமாக ஒதுங்கிப் போனேன்.

மாலையில் திரும்பும்போது கும்மென்று மேகம் கூடி, முதல் துளிகள் விழுந்தன. புழுதி வாசனை எழுந்தது. சிவப்புத் துணி கண்ணில் பட்டது. ஏனென்று தெரியாமலே வேகத்தைக் குறைத்தேன். வளைவில் திரும்பியதும் எதிரே பாக்கியம். நெல்லை அள்ளிக் குவிக்கப் பலகையோடு ஓடிக்கொண்டிருந்தார். பாதி குவிந்திருந்தது, பாதி எங்களுக்கு இடப்பக்கம் சாலையில் பரந்து நனைந்துகொண்டிருந்தது. வலப்பாதியில் இரும்புச் சக்கர டிராக்டர் ஒன்று எங்களை நோக்கி வந்தது.

வழி மூன்றுதான். நேராகப் பிரேக் பிடித்துத் தாரிலேயே நிற்கலாம். நெல்மேல் ஏறிப் போகலாம். இல்லை, இடப்பக்கம் மண்ணில் இறங்கலாம். முதலாவதுதான் சரி என்று என் கடைக்கு வருகிற பதினெட்டு வயதுப் பையன்களுக்கு நான் மனப்பாடமாகச் சொல்லுவேன். ஆனால் என் கண் நெல்லைப் பார்த்தது, என் கை இடப்பக்கம் திரும்பியது. நான் திருப்பவில்லை, கை தானாகத் திரும்பியது. நெல்லை நெருங்கக்கூட அது சம்மதிக்கவில்லை.

கோமதி என் தோளை இறுகப் பிடித்தாள். "மண்ணுல இறங்காதீங்கப்பா. நேராப் புடிங்க."

நேராக்கினேன். இரண்டு பிரேக்கையும் அழுத்தினேன். ஈரத்தில் டயர் ஒரு கணம் முனகி, பிடித்தது. முன்சக்கரம் நெல்லுக்கு ஒரு முழம் இப்பால் நின்றது. டிராக்டர் கடந்து போயிற்று. இடப்பக்கம் குனிந்து பார்த்தேன். தாரின் விளிம்புக்கு அப்பால் நனைந்த களி, அதில் ஒரு நீண்ட பழைய கீறல், அதன் முடிவில் வாய்க்கால். அந்தக் களியில் எந்த டயரும் நிற்காது. பட்டனெல்லாம் அடைத்துக்கொண்டு, ரப்பர் வெறும் உருளையாகிவிடும்.

"இங்கதானா?" என்று கேட்டேன்.

"இங்கதான். அன்னிக்கு இந்தக் கொடி கிடையாது" என்றாள் கோமதி.

அதற்குமேல் பேச நேரமில்லை. வண்டியை நிறுத்திவிட்டு மூன்று பேரும் நெல்லைக் குவித்தோம். நான் கையாலேயே வாரினேன். நெல் இவ்வளவு சூடாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. மேலே மழை சில்லென்று விழ, உள்ளே கைவிட்டால் பகல் வெயில் அப்படியே இருந்தது. தார்ப்பாயை இழுத்து மூடிக் கல் வைத்த பிறகுதான் பாக்கியம் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

"அண்ணே, தம்பி விழுந்தது என் நெல்லாலதான். அன்னிக்கும் இப்படித்தான் மழை. இது மேல ஏறிப் போயிருந்தா தம்பிக்கு ஒண்ணும் ஆயிருக்காது. ரோட்டுல நெல்லு போட்டு ஆளு விழுந்தா கேசாயிடும், நெல்லயும் புடிச்சிட்டுப் போயிடுவாங்கன்னு, வலியோட வலியா ஆஸ்பத்திரில டயர் ஸ்லிப்புனு எழுதச் சொல்லிச்சு. ஊரே அதத்தான் சொல்லுது. பாவம், உங்க டயருக்குத்தான் கெட்ட பேரு."

சொல்லிவிட்டு அழுதார். மழையில் நின்று நானும் அழுதேன், வெட்கமில்லாமல். அந்தச் சிவப்புத் துணி அவருடைய புடவை. செந்தில் விழுந்த மறுநாளே கிழித்துக் கட்டியிருக்கிறார்.

வீட்டுக்கு வந்து, தலையைக்கூடத் துவட்டாமல் கட்டில் ஓரம் உட்கார்ந்தேன். மாப்பிள்ளைக்கு விஷயம் புரிந்துவிட்டது. முதலில் மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னை முந்திக்கொண்டு, டயர்மேல் பழியைப் போட்டதற்காக என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

"ஈரநெல்லு மாமா. டயர் ஏறினா உள்ள அரிசி நொறுங்கிடும். அவங்களுக்கு அதான் இருக்கு."

"விழுவோம்னு தெரியுமா?"

"யோசிக்க எங்க நேரம்? கை தானா போயிடுச்சு."

அவர் விவசாயி, அவர் கை போகும். என் கை ஏன் போயிற்று? என் பாட்டனார் ரப்பர் மரம் சீவப் போனவர். எந்த ஊரிலிருந்து போனார் என்றுகூட எனக்குச் சரியாகத் தெரியாது. நான் வயலில் கால் வைத்ததில்லை. சின்ன வயதில் சிந்திய சோற்றை மிதித்தால் அம்மா முதுகில் ஒன்று வைப்பார், அவ்வளவுதான். அந்த ஒரு அடி ஐம்பது வருடம் கழித்து என் கையைத் திருப்பியிருக்கிறது, பின்னால் மகள் உட்கார்ந்திருக்கும்போது. மலைப்பாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. கோபமும் இருந்தது, மறைப்பானேன். நெல் போனால் அடுத்த போகம் வரும், கால் போனால்?

"மாப்பிள்ளை, அடுத்த தடவை நெல்லு மேலயே ஏத்துங்க" என்றேன்.

அவர் சிரித்தார். "நீங்க ஏத்துனீங்களா மாமா?"

கோமதி ஒரு துண்டைக் கொண்டுவந்து என் தலைமேல் போட்டுவிட்டுப் போனாள். முந்தின நாளிலிருந்து இறுகியிருந்த அவள் முகம் இளகியிருந்தது.

அடுத்த இரண்டு நாளும் வெயில். அந்தச் சாலையில் நெல் காயப்போட்ட எல்லோரும் இரண்டு முனையிலும் துணி கட்டியிருந்தார்கள். பச்சைத் துண்டு, பழைய பள்ளிச் சீருடை, ஒரு இடத்தில் மஞ்சள் உரச்சாக்கு. யார் சொல்லி ஆரம்பித்தது என்று தெரியவில்லை. பாக்கியத்தின் நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் எடுத்துக்கொண்டார்கள். அன்றைக்கு வந்த தூக்குவாளியில் பாயசம் இருந்தது.

கிளம்பும் நாள் காலையில் கோமதி என்னை டீக்கடை வாசலில் இறக்கிவிட்டு வேலைக்குப் போனாள். வண்டி கண்ணிலிருந்து மறையும்வரை அதன் பின் டயரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பேருந்து வரக் கொஞ்ச நேரம் இருந்தது. கடையில் ஒரு போலீஸ்காரர் டீ குடித்துக்கொண்டிருந்தார். கடைக்காரர் என்னை செந்திலின் மாமனார் என்று சொன்னதும் அவர் என் பக்கம் திரும்பினார்.

"அந்த தம்பி எப்படி சார் விழுந்துச்சு? இந்தப் பக்கம் ரோட்டுல நெல்லக் கொட்டி வைக்கிறாங்களே, அதுலயா?"

பெஞ்சில் இருந்த நாலு பேரும் அவரவர் கிளாசைப் பார்த்தார்கள். கடைக்காரர் ஆற்றிக்கொண்டிருந்த டீ பாதியில் நின்றது.

"இல்லங்க, மழையில டயர் ஸ்லிப் ஆயிடுச்சு" என்றேன். "டயர் சரியில்ல. நான்தான் வாங்கி மாட்டினேன்."

போலீஸ்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். கிளாசை வைத்துவிட்டு எழுந்தார்.

"உசிர் விஷயம் சார். அடுத்த தடவை கொஞ்சம் விவரம் தெரிஞ்ச ஆளா பாத்து மாட்டச் சொல்லுங்க."

"சரிங்க" என்றேன்.